விழுந்ததாக எழுதியிருக்கிறது

மார்ச் 3

அடியே,

ரெண்டு வருஷமா நமக்குள்ள பேச்சே இல்லை. நம்ம தம்பி சின்னவனோட மாத்திரை இருக்கா, தீர்ந்துபோச்சான்னு போன்ல கேப்பேன், நீ அவனைப் பத்தி மட்டும் பேசுவ, வெச்சுடுவோம். இப்ப போனையும் எடுக்க மாட்டேங்கிற. அதான் பேப்பரை எடுத்தேன். என் கிறுக்கல் வேற யாருக்கும் புரியாது, உனக்குப் புரியும். டாக்டருங்க கிறுக்கலைப் படிச்சு, ஒவ்வொரு வியாதிக்கும் காயத்துக்கும் கோடு நம்பர் போட்டுத்தானே இத்தனை வருஷமா சம்பளம் வாங்கற.

உன் வீட்டுக்காரர் உன்னோட டிஸ்சார்ஜ் சம்மரியை எனக்கு அனுப்பியிருந்தார். "நீங்க நெஞ்சு ஆபரேஷன் பண்றவங்க, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க"ன்னு. பாத்தேன். இடது நெஞ்சுல கத்தி இறங்கி, நுரையீரல் சுருங்கி, காத்தும் ரத்தமும் உள்ளே சேர்ந்து, குழாய் போட்டு வடிச்சிருக்காங்க. வைத்தியத்துல ஒரு குறையும் இல்லை. இன்னும் கொஞ்சம் உள்பக்கமா இறங்கியிருந்தா இந்தக் கடிதாசிக்கு வேலையே இல்லை. தினம் இதைத்தான் பாக்கறேன், ஆனா இதுல மறுபடி மறுபடி மேலே போய் உன் பேரையே படிச்சேன்டி.

அப்புறம் எப்படி ஆச்சுங்கற பாராவைப் படிச்சேன். "நோயாளி தன் வீட்டுச் சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது ஈரத் தரையில் கால் வழுக்கி, வலது கையில் பிடித்திருந்த சமையல் கத்தியின் மேல் விழுந்தார். கத்தி இடது மார்பின் முன்பக்கம் நுழைந்தது. வேறு யாரும் சம்பந்தப்படவில்லை."

எந்தப் பொம்பளடி நெஞ்சுல குத்தோட வந்து இப்படிப் பேசுவா? என்கிட்ட வர்றவங்க "ஐயோ", "அம்மா", "மூச்சு விட முடியலை" இதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்த இடம், என்ன வேலை செஞ்சுட்டிருந்த, எந்தப் பொருள், எந்தப் பக்கம், எப்படின்னு எல்லாமே வரிசையா இருக்கு. நாம ஒரே ஆஸ்பத்திரியில இருந்தப்ப இதையெல்லாம் கேட்டு எனக்கு எத்தனை சீட்டு அனுப்பி உயிரை எடுத்திருப்ப! எழுதினது அந்த டூட்டி டாக்டரா இருக்கலாம், சொல்லிக் குடுத்தது நீ.

அதே சம்மரியில ரெண்டாம் பக்கத்துல, காயம் மேலேர்ந்து கீழே சாய்வா இறங்கியிருக்குன்னு இருக்கு. கீழே, வலது உள்ளங்கையில வெட்டுன்னு இருக்கு. கத்தியைப் பிடிச்சிருந்த கையிலயே எப்படி வெட்டு விழும்? கத்தியைத் தடுத்த கை அது.

உன் வீட்டுக்காரர்தானே? கல்யாணத்தப்பவே சொன்னேன், ரொம்ப அமைதியா இருக்கற ஆளுங்களை எனக்குப் பிடிக்காதுன்னு. மூடி மறைக்காம எழுது.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

ரெண்டு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா முதல் வார்த்தையே கொலைப்பழி. நீ மாறவே இல்லை, சந்தோஷம்.

நான் நல்லா இருக்கேன். குழாய் போட்ட இடம் தும்மினா சுரீர்னு இழுக்குது. சிரிச்சாலும்தான், ஆனா அதுக்கு இப்ப அவ்வளவா அவசியம் வரலை. வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். என் ஃபைலுக்கு நானே கோடு நம்பர் போடக் கூடாதுன்னு பக்கத்து சீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டாங்க. "இவ்வளவு சுத்தமான குறிப்பை நான் பாத்ததே இல்லைங்க, டாக்டர்கிட்ட ஒரு சந்தேகம்கூட கேக்க வேண்டியிருக்கலை"ன்னு அவளுக்கு ஒரே பூரிப்பு. நானும் பல்லைக் காட்டினேன்.

நீ கேட்டிருக்கியே, அது கேள்வியே இல்லை. டாக்டர்கிட்ட சந்தேகம் கேட்டு நாங்க சீட்டு எழுதறதுக்கு ஒரு முறை இருக்கு. பதிலை உள்ளே வெச்சுக் கேக்கக் கூடாது. "யாராவது குத்தினாங்களா?"ன்னு எழுதினா எங்க மேனேஜர் தாளைக் கிழிச்சுப் போட்டுடுவார். "காயம் எவ்வாறு ஏற்பட்டது?" அவ்வளவுதான் கேக்கணும். நீ தீர்ப்பை எழுதிட்டு அதுக்குக் கீழே கேள்விக்குறி போட்டிருக்க.

என் வீட்டுக்காரர் அன்னிக்கு ஊர்லயே இல்லை. கம்பெனி வேலையா போயிருந்தார், சேதி கேட்டு ஓடி வந்தார். ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னா பேப்பர்ல ஏந்தி வெளியே விட்டுட்டு வர்ற மனுஷன். குத்தினவர் அந்தச் சம்மரியை உனக்கே அனுப்பி "சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு கேப்பாரா? நெஞ்சை அறுத்து அறுத்து மூளையை உபயோகிக்கறதையே விட்டுட்டியா?

கால் வழுக்கிச்சு, விழுந்தேன். சின்னவனும் நல்லா இருக்கான்.

உன் தங்கை


மார்ச் 17

அடியே,

உன் வீட்டுக்காரருக்கே போன் போட்டுக் கேட்டேன். அன்னிக்கு ஊர்ல இல்லைதான். அந்த மட்டும் தப்பு என்னோடது. எதுக்குக் கேக்கறேன்னு அவருக்குப் புரியவே இல்லை, "உங்க உடம்பைப் பாத்துக்கங்க அண்ணி"ன்னு சொல்லிட்டு வெச்சார். ரொம்ப அவமானமா இருந்துச்சு.

ஆனா நீ விழலை. எப்படி ஆச்சுன்னு எழுதாம விட்டா நாங்க விபத்துன்னுதான் போடணும், அதுதான் விதின்னு நீயே எனக்குப் பாடம் எடுத்திருக்க. அப்ப சும்மா படுத்திருந்தாலே போதுமே? "வேறு யாரும் சம்பந்தப்படவில்லை"ன்னு ஏன் சொல்லணும்? யாரும் கேக்காத கேள்விக்கு யாராவது முந்திக்கிட்டுப் பதில் சொன்னா எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பிடிபடும். நீ அப்படித்தான் மாட்டுவ.

இன்னொண்ணு. மாத்திரையைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாலே சின்னவன் என்ன தின்னான், சைக்கிள் கடையில எத்தனை பஞ்சர் ஒட்டினான், முதலாளி அவனை எப்படிப் பாராட்டினார்னு நான் போனை வெக்கற வரைக்கும் பேசுவ. இந்தக் கடிதாசியில அவனைப் பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில.

அவனாடி?

அக்கா


மார்ச் 25

அக்கா,

ஆமா.

மாத்திரையை முழுங்காம கன்னத்துல ஒதுக்கி வெச்சுத் துப்பியிருக்கான். எவ்வளவு நாளான்னு தெரியலை. அதைப் போட்டா கடையில ஸ்பேனரைப் பிடிக்க முடியலையாம், கை நடுங்குதாம், கஸ்டமருங்க முன்னாடி வெக்கமா இருக்காம். என்கிட்ட சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி மாத்தியிருக்கலாம். நானும் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிடுவேன். வாயைத் திறன்னு முப்பது வயசு ஆம்பளைகிட்ட எப்படிக் கேக்கறது?

அன்னிக்கு நான் தக்காளி நறுக்கிட்டுதான் இருந்தேன். அது பொய்யில்லை. அவன் வந்து என் முகத்தையே உத்துப் பாத்தான். "எங்க அக்கா எங்கே?"ன்னு கேட்டான். நான்தான்டான்னு சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. மேடையில இருந்த இன்னொரு கத்தியை எடுத்து, "எங்க அக்கா முகத்தைக் கழட்டு"ன்னான். அவன் கண்ணை நீ பாத்திருக்கணும், அவ்வளவு பயம் அதுல. என்னைக் காப்பாத்தத்தான் என்னைக் குத்தினான், அக்கா.

குத்தின உடனே அவன் பழைய சின்னவன். கதறிக்கிட்டே துணியை எடுத்து அமுக்கினான். நாம சின்னதுல அடிபட்டா நீ சொல்லுவியே, எடுத்து எடுத்துப் பாக்காதே, அமுக்கியே பிடின்னு, அப்படியே பிடிச்சான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவன்தான். வண்டியில என் காலைப் பிடிச்சுக்கிட்டு, "நான்தான் குத்திட்டேன், நான்தான் குத்திட்டேன்"ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். பக்கத்துல இருந்த ஆம்புலன்ஸ் பையன் என்னைப் பாத்தான். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, "அவனுக்கு மனசு சரியில்லை, அப்படித்தான் சொல்லுவான்"ன்னேன்.

அந்தப் பையன் உடனே நம்பிட்டான். அவ்வளவு சுலபமா நம்பினான்க்கா.

அப்புறம் எமர்ஜென்சியில நீ படிச்ச கதை. உனக்கே தெரியும், வாத்து கொத்தினா ஒரு கோடு, ஆடு முட்டினா ஒரு கோடுன்னு எங்க புத்தகத்துல இல்லாதது இல்லை. ஆனா ஒருத்தருக்குக் காயம் ஆச்சுன்னா விபத்து, தானே பண்ணிக்கிட்டது, இன்னொருத்தர் தாக்கினது, கண்டுபிடிக்க முடியலை, இதுக்குள்ளதான் அடக்கணும். படுக்கையில கிடந்தப்ப ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தேன். என் தம்பி பண்ணினதுக்கு எதுவும் பொருந்தலை. தாக்குதல்னு எழுதினா போலீஸ் வரும், அவனைக் கொண்டுபோய் எங்கேயோ பூட்டுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி நீ சொன்னியே, இவனை ஒரு விடுதியில விட்டுடலாம்னு, அதுக்கு நான் உன்னை என்னவெல்லாம் பேசினேன்! இப்ப நானே என் வாயால அனுப்பவா?

இப்ப நான் முன்னாடியே நின்னு முழுங்க வெக்கறேன். அமைதியா இருக்கான். இதை என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலை. நீயும் சொல்லாதே.

உன் தங்கை


ஏப்ரல் 2

அடியே,

உன் கடிதாசியை ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னு படிச்சேன். படிச்சுட்டு உள்ளே போய் வேற யாரோ ஒருத்தர் நெஞ்சைத் தைச்சேன்.

உண்மையைச் சொல்லுன்னு உன்னை அந்தக் குதி குதிச்சவ நான்தான். இப்ப சொல்றேன், விடு. அது விழுந்ததாவே இருக்கட்டும். அவன் வியாதி உள்ளவங்க யாரையும் அடிக்கறதைவிட அடி வாங்கறதுதான் அதிகம். இது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனா ஒரு தடவை ஃபைல்ல "தாக்கினார்"னு ஏறிடுச்சுன்னா, அதுக்கப்புறம் பல்வலின்னு போனாக்கூட எட்ட நின்னுதான் பேசுவாங்க. நான் பாத்திருக்கேன். நானே அப்படி நின்னிருக்கேன்.

அவன்கிட்டயும் அப்படியே சொல்லிடு. "நீ ஒண்ணும் பண்ணலை, நான்தான் விழுந்தேன், நீதான் என்னைக் காப்பாத்தின"ன்னு. பாவம், அதையே நினைச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டாம். நாள் ஆக ஆக மறந்துடுவான்.

கத்தியெல்லாம் பூட்டி வை.

அக்கா


மே 19

அக்கா,

இத்தனை நாள் எழுதாததுக்குக் கோச்சுக்காதே. எழுத உக்காருவேன், எழுந்துடுவேன்.

நீ சொன்னபடியே சொன்னேன். முதல் தடவை அவன் தலையை ஆட்டினான், "இல்லைக்கா, எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னான். கைப்பிடி வழவழன்னு இருந்துச்சுன்னான். நான் என்ன கலர் டிரெஸ்ல இருந்தேன்னு சொன்னான். எல்லாம் சரி. நான், "இல்லைடா, உனக்கு அப்படித் தோணுது"ன்னேன். மறுநாளும் கேட்டான். மறுபடியும் சொன்னேன். சாப்பிடும்போது கேப்பான், டிவி பாத்துட்டே கேப்பான், குளிக்கற ரூம்லேர்ந்து கதவைத் தட்டிக் கேப்பான். ஒவ்வொரு தடவையும் தெளிவா, ஒரு வார்த்தை மாறாம சொன்னேன். அதுலதான் நான் கெட்டிக்காரியாச்சே.

அப்புறம் அவனோட டாக்டர்கிட்ட செக்கப்புக்குப் போனோம். அவனே அவர்கிட்ட, "நான் எங்க அக்காவைக் குத்திட்டேன் சார்"னு சொன்னான். அவர் என்னைத் திரும்பிப் பாத்தார். அப்ப சொல்லியிருக்கலாம். ரூம்ல நாங்க மூணு பேர்தான். அந்த மனுஷன் ரொம்ப நல்லவர், போலீஸ் கீலீஸ்னு குதிக்கிறவர் இல்லை. நான், "அது விபத்து சார், என் சம்மரியைப் பாருங்க"ன்னு போன்ல காமிச்சேன். அவர் படிச்சுட்டு, தலையாட்டிட்டு, கம்ப்யூட்டர்ல டைப் பண்ணினார். எதிர்லேர்ந்தே எட்டி ஸ்கிரீனைப் படிச்சுட்டேன், டாக்டருங்க எழுத்தைப் படிக்கறதுதானே என் பிழைப்பு. "சகோதரியைக் குத்தியதாக உறுதியான தவறான நம்பிக்கை. ஆதாரங்களைக் காட்டியும் மாறவில்லை." டோஸை ஏத்திட்டார்.

அதுக்கும் எங்க புத்தகத்துல ஒரு கோடு உண்டு. அந்த நோயாளி ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தா யோசிக்காம நானே போட்டிருப்பேன்.

இப்ப அவன் கை முன்னைவிட மோசமா நடுங்குது. வாயோரம் எச்சில் ஒழுகுது, துடைச்சுக்கணும்னுகூட அவனுக்குத் தெரியலை. சைக்கிள் கடை முதலாளி, "கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்மா"ன்னு மரியாதையா சொல்லி அனுப்பிட்டார். நேத்து அவன் என்கிட்ட கேட்டான்: "பால்காரர் வந்தாரே, அது நிஜமா நடந்துச்சா, இல்லை எனக்குத் தோணுச்சா?" நிஜம்தான்டான்னேன். "நீ சொன்னா சரிக்கா"ன்னான்.

அக்கா, அவனுக்கு அன்னிக்கு எது நிஜம், எது தோணினதுன்னு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு. ஆம்புலன்ஸ்ல நிஜத்தைச் சொன்னது அவன் ஒருத்தன்தான். நாமதான் அதைப் பிடுங்கிட்டோம். நான் பண்ணினேன், நீ பண்ணச் சொன்ன. உன்னைத் திட்டலாம்னுதான் உக்காந்தேன், வரலை. நீ சொல்லாட்டியும் நான் இதைத்தான் பண்ணியிருப்பேன்.

உன் தங்கை


மே 26

அடியே,

திட்டியிருக்கலாம். திட்டு வாங்கியிருந்தா கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

நான் என்ன டாக்டர், சொல்லு? அவனைக் கண்ணால பாக்காம, நாடி பிடிக்காம, இங்கேர்ந்து ஒரு கடிதாசியில அவன் மூளைக்கு வைத்தியம் எழுதினேன். மறந்துடுவானாம்! அவன் எதையாவது மறந்து நான் பாத்திருக்கேனா? நான் முதல் சம்பளத்துல வாங்கின செருப்பு என்ன நிறம்னு எனக்கே தெரியாது, அவனைக் கேட்டா சொல்லுவான். அப்பேர்ப்பட்டவன்கிட்டப் போய் உன் ஞாபகம் பொய்னு சொல்லச் சொன்னேன்.

போய் மாத்துடி. உன் ஃபைல்ல, அவன் ஃபைல்ல, ரெண்டு இடத்துலயும் மாத்து. உனக்குக் குழாய் போட்ட டாக்டர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லு, திருத்தம் எழுதுவார். போலீஸ் வந்தா வரட்டும். வியாதியில பண்ணினதுன்னு அவனோட டாக்டர் எழுதிக் குடுப்பார், நானும் பேசறேன். நீயும் நானும் பயந்ததெல்லாம் நடந்தாலும், இப்ப அவனுக்கு நடந்திட்டிருக்கறதைவிட மோசமா இருக்காது.

மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிடு. நான் அவரைச் சந்தேகப்பட்டதையும் சேத்துச் சொல்லு. அவர் மூஞ்சியில முழிக்கறது எப்படின்னு நான் யோசிச்சுக்கறேன்.

கடைசியா சின்னவன்கிட்ட சொல்லு. பக்கத்துல உக்காந்து, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, பொறுமையா சொல்லு. நிச்சயமா அழுவான். அழட்டும். அவன் சொன்னது சரின்னு ஒருத்தர் சொன்னாலே பாதி குணமாகும்.

அக்கா


ஜூன் 14

அக்கா,

எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

எமர்ஜென்சி டாக்டர் என் பழைய ஃபைலை எடுத்துப் பாத்தார். "எனக்கு அப்பவே அந்தக் கைக்காயம் இடிச்சுதும்மா, ஆனா நீங்க சொன்னது அவ்வளவு கோர்வையா இருந்துச்சு"ன்னார். பழசை அழிக்காம, கீழே தேதி போட்டுத் திருத்தம் எழுதினார். பக்கத்து சீட்டுக்காரி கோடை மாத்திட்டா. டீ வாங்கிட்டு வந்து என் மேஜையில வெச்சா. போலீஸ்ல ஒரு அம்மா வந்தாங்க. பொறுமையா கேட்டாங்க, சின்னவனோட டாக்டர்கிட்ட பேசினாங்க, அவனைக் கொண்டுபோகணும்னு சொல்லலை. இதுக்கா இத்தனை மாசம் பயந்தேன்னு ஆயிடுச்சு.

சின்னவனோட டாக்டருக்குக் கோபம். குரலை உசத்தாமக் கோபப்பட்டார். "நான் அவர் நோய்க்கு வைத்தியம் பண்ணலை, உங்க பொய்க்குப் பண்ணியிருக்கேன்"ன்னார். மாத்திரையைச் சட்டுனு நிறுத்த முடியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கார்.

என் வீட்டுக்காரர் முழுசும் கேட்டார். எழுந்து ஜன்னல்கிட்ட போய் நின்னார். அங்கேர்ந்தே, "அவன் சாப்பிட்டானா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். உன் விஷயத்தைச் சொன்னதுக்கு முதல் தடவையா சிரிச்சார். "அண்ணிக்கு என் மேல இவ்வளவு மரியாதையா"ன்னார். நீ தைரியமா வரலாம்.

இதெல்லாம் முடிச்சுட்டுத்தான் சின்னவன்கிட்ட போனேன். நீ சொன்ன மாதிரியே பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டேன். அந்தக் கை என் கைக்குள்ள ஆடிக்கிட்டே இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். "நீ சொன்னதுதான்டா சரி. நான்தான் பொய் சொன்னேன். நீதான் குத்தின, உனக்கு உடம்பு முடியாம இருந்துச்சு, அதனால குத்தின. எனக்கு உன் மேல கோபமே இல்லை. உன் ஞாபகத்துல ஒரு கோளாறும் இல்லை"ன்னேன். தழும்பைக் காமிச்சேன். டாக்டர் எழுதின திருத்தத்தைக் காமிச்சேன். நான்தான் அழுதேன், அவன் அழலை.

எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு என் தலையைத் தடவிக் குடுத்தான்க்கா. அம்மா தடவற மாதிரி. "எனக்கும் முதல்ல இப்படித்தான்க்கா இருந்துச்சு. அப்படியே நடந்த மாதிரியே இருக்கும். நீ பயப்படாதே, இதைப் போட்டாப் போயிடும்"னு சொல்லி, அவனோட மாத்திரையில ஒண்ணை எடுத்து என் கையில வெச்சான்.

நான் முழுங்கறேனான்னு என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

உன் தங்கை